சகலைக்கு வெயில் கரண்ட்

கீரனூர்ப் பக்கம் கல் லாரி ஓடுகிற எந்த ரோட்டிலும் இறங்கி ‘டீசல் வீரய்யா’ என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சர் ஒட்டுகிறவர் முதல் பரோட்டாக் கடைக்காரர் வரை கையை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார்கள். லாரியை டீசல் குடிக்க விடாமல் ஓட்டுகிற ஆள் என்பதால் வந்த பெயர் அது. மற்ற டிரைவர்கள் டேங்கை நிரப்பினால் மூன்று நாள் தாங்கும். வீரய்யா கையில் அதே டீசல் நாலாவது நாளும் ஓடும்.

அதற்கு அவர் வைத்திருந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். இறக்கம் வந்தால் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டுவிடுவார். பாறைமேட்டுக் குவாரியில் கல்லை ஏற்றிக்கொண்டு, கீழே ஜல்லி உடைக்கிற கிரஷருக்கு வருகிற வழி முழுக்க இறக்கம். இன்ஜின் சத்தம் அடங்கிப்போய், கல்லின் பாரத்திலேயே லாரி உருண்டு வரும். வீரய்யா காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக் காரில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி தோரணையாக வருவார். ஆபத்தான வேலைதான், இல்லை என்று யார் சொன்னது? கொஞ்சம் அசந்தால் லாரியும் போச்சு, ஆளும் போச்சு. ஆனால் அவருக்கு ஒருநாளும் கால் தவறியதில்லை. முதலாளி ஆண்டியப்பன் வெளியூர் ஆட்கள் யார் வந்தாலும், “நம்ம வீரய்யா மாதிரி ஓட்டணும்னா வரம் வாங்கிட்டு வந்து பொறக்கணும்” என்பார். அந்த ஒரு பேச்சு காதில் விழுந்துவிட்டால் போதும், வீரய்யா சோறு தண்ணி இல்லாமல்கூட ஓட்டுவார்.

கிளீனராகச் சேர்ந்து, கரி அப்பிய கையோடு வளர்ந்து, மேலே வந்த மனிதர். குடி கிடையாது. யாரிடமும் கை நீட்டியது கிடையாது. பெண்டாட்டி பொற்கொடியை ஒரு சொல் கடிந்து பேசியது கிடையாது. இவ்வளவு நல்ல மனிதருக்கு ஒரு சீக்கு உண்டு. தன்னைவிட இன்னொருவனை யாராவது ஒரு மாற்று உயர்த்திச் சொல்லிவிட்டால், அன்றைக்குப் பூராவும் வயிற்றில் ஒன்றும் தங்காது. அந்தச் சீக்கு முற்றிப்போனது சொந்தச் சகலையால்தான்.

சகலையின் பெயர் நிலவழகன். பொற்கொடியின் தங்கை புவனேஸ்வரியைக் கட்டியவன். கறம்பக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வேனை நிறுத்திவிட்டார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று பொற்கொடி நச்சரிக்க, வீரய்யாதான் முதலாளியிடம் சொல்லிக் கிரஷரில் சேர்த்துவிட்டார். லாரி ஓட்டப் பழக்கியதும் அவர்தான். ஆனால் நியூட்ரல் வித்தை மட்டும் நிலவழகனுக்குக் கடைசிவரை வரவில்லை.

“அண்ணே, கியர எடுத்தா வயித்தக் கலக்குதுண்ணே” என்பான்.

கிரஷரே கைகொட்டிச் சிரித்தது. இறக்கம் முழுக்க இரண்டாம் கியரிலேயே வருகிறவன் என்பதால் அவனுக்கு ‘செகண்ட் கியர்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தது யார் என்கிறீர்கள்? வேறு யார், வீரய்யாதான். அந்த நாட்களில் சகலை மேல் அவருக்கு உயிர். இருக்காதா பின்னே! தனக்குக் கீழே இருக்கிறவன் மேல் பாசம் வைப்பது என்ன பெரிய கஷ்டமா?

அப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் கிரஷருக்குப் பக்கத்தில், வேலிக்கருவை மண்டிக் கிடந்த தரிசைச் சுத்தப்படுத்தி, சோலார் பலகைகளை வரிசை வரிசையாக நட்டார்கள். அதன் ஓரத்தில் வெள்ளைக் கன்டெய்னர் ஒன்று வந்து இறங்கியது. உள்ளே முழுக்க பேட்டரி. பகலில் பலகையிலிருந்து வருகிற கரண்டில் லாரி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், மிச்சமானது கன்டெய்னருக்குள் போய்ச் சேரும், பொழுது சாய்ந்த பிறகு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்புறம் இரண்டு கரண்ட் லாரிகள் வந்தன. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஒன்று முதலாளி வாங்கியது. இன்னொன்று, ஓட்டிப் பாருங்கள் என்று கம்பெனிக்காரர்கள் கொடுத்தது.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி விஷயத்தைப் போட்டு உடைத்தார். “ஒண்ண வீரய்யா ஓட்டட்டும். இன்னொண்ண நிலவழகன் ஓட்டட்டும். ஆயுத பூஜையோட கம்பெனி வண்டி திரும்பிப் போயிரும். எவன் கரண்ட்டக் கம்மியாச் செலவு பண்ணி ஓட்டுறானோ அவனுக்குத்தான் நம்ம வண்டி. மத்தவன் பழைய டீசலுக்குப் போயிற வேண்டியது. அதுவும் தைக்கு மேல காயலாங்கடைக்குத்தான், இப்பவே சொல்லிப்புட்டேன்.”

இதைவிட வெளிப்படையாக ஒருவர் என்ன சொல்லுவார்? வண்டி போனால் வேலை போனது. வீரய்யா சிரித்துக்கொண்டார். போட்டி யாரோடு? செகண்ட் கியரோடு! இதற்கு ஒரு பரீட்சை வேறா?

ஓட்டுவதற்குப் பழக்கிக் கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். ஏ, பி, சி, டி வரிசைப்படி பெயரை வாசித்தாரோ என்னவோ, “நிலவழகன்” என்று முதலில் கூப்பிட்டுவிட்டார். வீரய்யாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அனுபவம் யாருக்கு, பெயர் யாருக்கு? எனக்கா லாரி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று, விருட்டென்று திரும்பி இருளாயியின் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நிலவழகன் ஒருவன்தான் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றான். அந்தத் தம்பி பாதிக்கு மேல் இங்கிலீஷில் பேசியதால், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றுமே புரியாமல் திரும்பி வந்தான்.

சார்ஜ் போடுகிற இடத்தைப் பார்த்துக்கொள்ள பைரோஸ் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். கோட்டைப்பட்டினத்துக்காரர், துபாயில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர், பதமாகப் பேசுகிறவர். பெட்ரோல் பங்க் மாதிரி அங்கே சார்ஜ் கன் ஒன்றுதான் இருந்தது. அதனால் ஒரு வண்டி மத்தியானமும் இன்னொன்று சாயங்காலமும் போட்டுக்கொள்ள வேண்டும். “மத்தியானம் லோடு அதிகம், நான் ஓட்டிக்கிறேன். சின்னவன் போயி நிக்கட்டும்” என்று சாயங்கால முறையைப் பெரிய மனுஷத்தனமாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர் வீரய்யாதான். இதை மறந்துவிடாதீர்கள், அவர் மறந்துவிட்டார்.

தினமும் வேலை முடிகிற நேரத்தில் பைரோஸ் போனைப் பார்த்து, குவாரிக்குப் போய்வருகிற ஒரு நடைக்கு வண்டி எவ்வளவு சார்ஜ் தின்றது என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாசிக்க வேண்டும். முதலாளி உத்தரவு. முதல் சாயங்காலம் எல்லாரும் கூடி நின்றார்கள்.

“நிலவழகன் அண்ணே வண்டி, நடைக்கு மூணு பர்சன்ட். வீரய்யா அண்ணே வண்டி, நடைக்கு அஞ்சு.”

“திருப்பி வாசிப்பா” என்றார் வீரய்யா.

திருப்பி வாசித்தாலும் அஞ்சு அஞ்சுதானே? மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே கதை. டீசல் வீரய்யாவின் வண்டி கரண்டைத் தின்கிறதாம், செகண்ட் கியர் மிச்சம் பிடிக்கிறானாம்! பஞ்சர் கடை வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது. வீரய்யா இறக்கத்தில் முன்னைவிடச் சீக்கிரமாக நியூட்ரலில் போட்டார். மேலேயே போட்டார், கடைசிவரை எடுக்காமல் உருட்டிக்கொண்டு வந்தார். சாயங்காலம் பைரோஸ் அஞ்சரை என்று வாசித்தார்.

அந்த வாரத்தில்தானா கறம்பக்குடியில் மாமியார் வீட்டுக் கிடாவெட்டு வரவேண்டும்? வந்தது. அந்த வீட்டில் நல்லி எலும்பு மூத்த மாப்பிள்ளை இலைக்குத்தான் போகும். கல்யாணமான வருஷத்திலிருந்து மாறாத வழக்கம். இரண்டு சகலைகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் மீனம்மாள் கரண்டியைக் குழம்புக்குள் விட்டுத் துழாவி, நல்லியை எடுத்து, மூத்தவர் இலையைத் தாண்டிக் கொண்டுபோய் இளையவன் இலையில் வைத்தாள்.

“சாப்புடுங்க மாப்ள. கரண்டு லாரி ஓட்டுறீங்க, ஒடம்புல தெம்பு வேணும்ல.”

நானுந்தானே கரண்ட் லாரி ஓட்டுகிறேன் என்று வீரய்யாவின் நாக்கு நுனி வரை வந்தது. பந்தியில் உட்கார்ந்து எலும்புக்குச் சண்டை போடவா முடியும்? நிலவழகன் பதறிப்போய், “அத்தை, அண்ணனுக்கு வையுங்க” என்று எலும்பை எடுத்து நீட்டினான். அது இன்னும் எரிந்தது. பிச்சை போடுகிறானா? “நீயே கடி. எனக்குப் பல்லு வலி” என்றார் வீரய்யா. அவர் பல்லுக்கு ஒரு குறையும் இல்லை, கரும்பைக் கடித்துத் துப்புகிற பல்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பொற்கொடி கேட்டேவிட்டாள். “ஒரு நல்லி எலும்புக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வாரீங்க?”

“எலும்புக்கு இல்லடி.”

“பெறகு எதுக்கு?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று, அஞ்சு, மூன்று, அஞ்சு என்று பஸ் சக்கரம்கூட அவரைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் டீக்கடையில் இருளாயி, டீயை ஆற்றிக்கொண்டே வாயில் வந்ததைச் சொன்னாள். “என்னமோப்பா, எனக்கென்ன தெரியும். வெயில்லேர்ந்து நேரா எறங்குறது சுடுசோறு மாதிரி. பெட்டிக்குள்ள அடைச்சு வச்சு எடுக்குறது பழைய சோறுதானே?”

அவ்வளவுதான். வீரய்யாவுக்குப் பொறி தட்டிவிட்டது. மத்தியானம் சார்ஜ் போடுகிற சகலைக்குச் சுடச்சுட வெயில் கரண்ட். சாயங்காலம் போடுகிற தனக்கு ஆறிப்போன பெட்டிக் கரண்ட். வண்டி ஏன் தின்னாது? பாதி டீயை வைத்துவிட்டு நேரே பைரோஸிடம் போனார்.

“ஏம்ப்பா பைரோசு, ஒனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்? அவனுக்கு வெயில் கரண்டு, எனக்குப் பெட்டிக் கரண்டா?”

பைரோஸ் முழித்தார். “அண்ணே, ரெண்டும் ஒண்ணுதாண்ணே. மத்தியானம் மிச்சமான வெயிலுதான் பெட்டிக்குள்ள இருக்கு.”

“பாத்தியா, பாத்தியா! மிச்சத்தத்தான் எனக்குக் குடுக்குறன்னு ஒன் வாயாலயே வந்துருச்சு.”

“அல்லாவே, கரண்ட்டுல ஏதுண்ணே புதுசு பழசு?”

சத்தம் கேட்டு நிலவழகன் ஓடிவந்தான். என்ன ஏது என்று விசாரித்தான். விஷயம் தெரிந்ததும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இதுக்கா இம்புட்டு? அண்ணே, மத்தியானத்துல நீங்க போட்டுக்கங்க. நான் சாயந்தரம் போட்டுக்கிறேன். எனக்கு எதுனாலும் ஒண்ணுதான்.”

எனக்கு எதுவானாலும் ஒன்றுதானாம்! வீரய்யாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இருந்தாலும் மத்தியான முறையை விடவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரமாகப் பார்த்துக் கன்னை மாட்டிவிட்டு, பலகைகளின் மேல் படிந்திருந்த கிரஷர் தூசியைத் தன் துண்டாலேயே தட்டிவிட்டார். ஒரு மேகம் வந்து மறைத்தாலும் அண்ணாந்து பார்த்து, “ஒனக்கும் அவன்தான் வேணுமா?” என்று கேட்டார். சாயங்காலம் பைரோஸ் வாசித்தார். வீரய்யாவுக்கு அஞ்சு. பெட்டிக்குள் கிடந்த கரண்டை வாங்கி ஓட்டிய நிலவழகனுக்கு மூன்று.

அப்படியானால் வண்டியில்தான் கோளாறு என்றார் வீரய்யா. முதலாளி சிரித்துக்கொண்டே, “சரி, மாத்தி ஓட்டிக்கங்க” என்றார். வண்டியை மாற்றிக்கொண்டார்கள். அஞ்சு வீரய்யாவோடு போயிற்று, மூன்று நிலவழகனோடு போயிற்று. அதற்கு மேல் குறை சொல்ல எதுவும் பாக்கி இல்லை. கரண்டும் இல்லை, வண்டியும் இல்லை, அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? அன்றைக்குப் பொற்கொடி வைத்த கருவாட்டுக் குழம்பு, அவருக்கு உயிரான குழம்பு, தொண்டையில் இறங்கவில்லை. சகலை ஓட்டுகிற வண்டி வழியில் நின்றுபோகக் கூடாதா, எவனாவது பின்னால் வந்து லேசாக முட்டக் கூடாதா என்று அவர் மனசு தானாக நினைத்தது. நினைத்துவிட்டு, சீ என்று தலையை உதறிக்கொண்டார். மறுநிமிஷம் மறுபடியும் நினைத்தது.

ஒருநாள் மேலே குவாரியில் கூர்க்கல் குத்தி அவர் வண்டியின் டயர் வெடித்துவிட்டது. கீழே போய் ஆள் கூட்டிவர வேண்டும். லோடு ஏற்றிக்கொண்டு இறங்கிய நிலவழகன் வண்டியில்தான் ஏறிக்கொண்டார், வேறு வழியில்லாமல். இறக்கம் ஆரம்பித்தது. பழக்க தோஷத்தில் அவர் கை நியூட்ரல் போடத் துடித்தது. நிலவழகன் எதையும் தொடவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தான். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி தன்னால் நிதானப்பட்டுப் போயிற்று. வீரய்யா எதேச்சையாக முன்னாலிருந்த திரையைப் பார்த்தார். சார்ஜ் எழுபத்தொன்று என்றிருந்தது. பாதி இறக்கத்தில் எழுபத்திரண்டு ஆயிற்று.

“டேய், ஏறுதுடா!”

“என்னண்ணே?”

“சார்ஜ் ஏறுதேடா. என்னடா பண்ணுன?”

“நான் ஒண்ணும் பண்ணலண்ணே. அதுபாட்டுக்கு ஏறும், எறங்கும். எனக்கு அதெல்லாம் வெளங்காது. கியர எடுக்கத்தான் பயமாச்சே, அதனால சும்மா விட்டுருவேன். வண்டியே புடிச்சுக்குது, பாவம்.”

வீரய்யாவுக்கு மூளை இல்லாமல் இல்லை. சைக்கிள் டைனமோ ஞாபகம் வந்தது. சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் மிதிக்கக் கனக்கும். இந்த வண்டியும் அதே மாதிரிதான். கியரில் இருந்தால் இறக்கத்தில் உருளுகிற சக்கரமே பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது. நியூட்ரலில் போட்டால் அத்தனையும் வீண். மலையளவு கல்லை ஏற்றிக்கொண்டு, சும்மா வருகிற கரண்டை ஒவ்வொரு நடையும் அவர் தெருவில் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!

நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டாமா? அவருக்கு வந்தது ஆத்திரம். எந்த வித்தையால் ஊரில் பெயர் எடுத்தாரோ அந்த வித்தையே காலை வாரிவிட்டது. எந்தப் பயத்துக்காக ஒருவனை ஊரே சிரித்ததோ அந்தப் பயம் அவனை உட்கார வைத்துச் சோறு போடுகிறது. இவன் படித்துத் தெரிந்துகொண்டு ஜெயித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயந்தே ஜெயிக்கிறான், அதுவும் ஏன் ஜெயிக்கிறோம் என்பதே தெரியாமல்! இவனுக்கு மட்டும் எப்படி எல்லாம் மடியில் வந்து விழுகிறது என்று வீரய்யாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கண்டுபிடித்ததை யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாளிலிருந்து நியூட்ரலைத் தொடுவதில்லை என்று கையைக் கட்டுப்படுத்தினார். அது லேசுப்பட்ட காரியமில்லை. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இறங்கினார். அஞ்சு நாலரையாயிற்று. நாலரை நாலாயிற்று. பூஜை நெருங்கிய சமயத்தில் ஒரு சாயங்காலம் பைரோஸ், “ரெண்டு வண்டியும் மூணு” என்று வாசித்தபோது கிரஷர் ஆட்கள் விசிலடித்தார்கள். முதலாளி வீரய்யாவின் முதுகில் தட்டினார். “சபாஷ்! இனி முந்துன கணக்கெல்லாம் வேணாம். நாளைக்கு ஓட்டத்த வச்சு முடிவு பண்ணிருவோம். யாரு கம்மியோ அவுங்களுக்கு வண்டி.”

விடிந்ததும் டீக்கடைக்கு நிலவழகன் வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது. பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“அண்ணே, ஒங்க நியூட்ரல் வித்த இந்த வண்டிக்கும் செட்டாயிருச்சு போலருக்கே. அஞ்சுலேர்ந்து மூணுக்கு வந்துட்டீங்க. எனக்கு வண்டி போயிருச்சுன்னா மறுபடி கறம்பக்குடியில போயி என்ன பண்றதுன்னு தெரியல. புவனா அழுதுக்கிட்டே இருக்கா.”

வீரய்யா டீயை ஊதினார்.

“பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் இன்னைக்கு ஒரு நாளு நானும் ஒங்கள மாதிரி நியூட்ரல்ல விட்டுப் பாக்கட்டுமாண்ணே? நீங்க சொன்னாச் செய்யிறேன். ஒங்கள விட்டா எனக்கு யாரு சொல்லுவா?”

கேட்டீர்களா இந்தக் கொடுமையை? கத்தியைத் தானே தீட்டி, பிடியை எதிராளி கையில் கொடுத்து, கழுத்தையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். வேண்டாம்டா என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் வீரய்யாவுக்கு மாமியார் கரண்டி தன் இலையைத் தாண்டிப் போனது கண்ணில் வந்தது. பைரோஸ் வாசித்த அஞ்சு வந்தது. பஞ்சர் கடையில் சிரித்த சிரிப்பு வந்தது.

“விட்டுப் பாரேன்” என்றார்.

நிலவழகன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

அன்றைக்குப் பார்த்து லோடு ஏற்றியதும் நிலவழகன் வண்டி முன்னால், வீரய்யா வண்டி பின்னால் என்று அமைந்தது. இறக்கத்தின் உச்சியில் முன் வண்டி ஒரு நிமிஷம் நின்றது. வீரய்யா ஸ்டியரிங் மேல் குனிந்து பார்த்தார். போடுகிறானா? போடு, போட்டுத் தொலை என்றது ஒரு மனசு. பழக்கமில்லாதவன் இந்தப் பாரத்தோடு நியூட்ரலில் இறங்கினால் பிரேக்கை மிதித்து மிதித்தே காய்ச்சிவிடுவான், வளைவில் வண்டி நிற்காது, பாவி, அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதே என்றது இன்னொரு மனசு. முன் வண்டி நகர்ந்தது. டீசல் லாரியாக இருந்தால் இன்ஜின் சத்தத்தை வைத்தே நியூட்ரலா இல்லையா என்று சொல்லிவிடுவார். இந்தச் சனியனில் சத்தமே கிடையாது. ஹாரன் அடித்து நிறுத்தலாமா என்று இரண்டு தரம் கையைக் கொண்டுபோனார். இரண்டு தரமும் கை திரும்பி வந்துவிட்டது.

அன்றைக்குப் பூராவும் அவர் ஓட்டிய ஓட்டம் ஓட்டமே இல்லை. கண் ரோட்டில் இல்லை, சகலை வண்டியின் பின்புறத்தில் இருந்தது. நெருங்கிப் போவார், பதறிப் பிரேக்கை மிதிப்பார், பின்தங்குவார், மறுபடி விரட்டிப் பிடிப்பார். சாயங்காலம் கூட்டம் கூடியதும் பைரோஸ் வாசித்தார்.

“வீரய்யா அண்ணே வண்டி, நாலு. நிலவழகன் அண்ணே வண்டி, மூணு.”

பூஜையன்று கரண்ட் லாரிக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். முதலாளி சாவியைத் தட்டில் வைத்து நிலவழகனிடம் கொடுத்தார். அவன் பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியை முன்னால் எடுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள். வீரய்யாவும் தட்டினார், தட்டாமல் நின்றால் ஊர் கண்டுபிடித்துவிடாதா? பழைய டீசல் லாரி ஒன்று மூலையில், அரைகுறையாக ஒரு பொட்டு வைத்து நின்றது. அது இனிமேல் அவருடையது, தை வரைக்கும்.

வண்டியை நிறுத்திவிட்டு நிலவழகன் நேரே அவரிடம்தான் வந்தான். பூஜை பார்க்க வந்திருந்த பொற்கொடியும் புவனேஸ்வரியும் சுண்டல் தட்டோடு பக்கத்தில் நின்றார்கள். அவன் முகத்தில் ஜெயித்தவன் களையே இல்லை.

“அண்ணே, எம்மேல கோவமாண்ணே?”

“எதுக்குடா?”

“நீங்க அம்புட்டுச் சொல்லியும் நான் நியூட்ரல்ல விடலண்ணே. மேட்டுல நிறுத்துனேன். கையக் கொண்டுபோனேன். வரல. பயந்துட்டேன். ஒங்க பேச்ச மதிக்கலன்னு மட்டும் நெனச்சிராதீங்க. ராத்திரியெல்லாம் மனசே சரியில்ல, மன்னிச்சிருங்கண்ணே.”

வண்டி போனதற்குக்கூட வீரய்யாவுக்கு அவ்வளவு எரியவில்லை. கெடுக்கச் சொன்ன சொல்லைக் கேட்காமல் போனதற்கு ஒருவன் வந்து மன்னிப்புக் கேட்கிறானே, இந்த மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்றுதான் இப்போது எரிந்தது. வண்டியைப் பார்த்து, எலும்பைப் பார்த்து, கரண்டைப் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் இதற்குக் கால் தூசி பெறாது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை அவருக்கு.

“விட்டிருந்தாத் தோத்திருப்படா. உசுருக்கே மோசம் வந்திருக்கும். இந்த வண்டிக்கு நியூட்ரல் ஆகவே ஆகாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான்டா விட்டுப் பாருன்னேன்.”

நிலவழகன் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு கண் கலங்கிச் சிரித்துவிட்டான். அவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“எம் மனசு நோகக் கூடாதுன்னு பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறீங்களா? ஏய் புவனா, அண்ணன் என்ன சொல்றாருன்னு கேட்டியா? வண்டிய விட்டுக் குடுத்துப்புட்டு, என்னயச் சமாதானப்படுத்துறதுக்குப் பொய் வேற சொல்றாரு. இந்த மனசு யாருக்குடி வரும்?”

“அதான் எனக்குத் தெரியுமே, மாமா மனசு” என்றாள் புவனேஸ்வரி.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வீரய்யாவை மெச்சிச் சிரித்தார்கள். பொற்கொடி மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தங்கையின் கையிலிருந்த சுண்டல் தட்டை வாங்கிக்கொண்டு, அவரைத் தாண்டிப் போய், மற்ற டிரைவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள்.